ஒரு தலைப்புச் செய்தியும் மில்லியன் டொலர் கார்களும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில், ஒரு தலைப்புச் செய்தியின் ஆயுள் ஒரு நாள்தான் என்பதை நான் நன்கு அறிவேன். இரவு ஆசிரியபீடத்தில் வாதாடி, வெட்டித் திருத்தி வைத்த தலைப்பு, மறுநாள் மாலையில் கச்சான் கடலை சுற்றும் சரையாகிவிடும். அரிதாகச் சில தலைப்புகள் மட்டும் அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அப்படியான ஒரு தலைப்பைப் பற்றியே இன்று எழுத எண்ணுகிறேன். அது அரசியலைப் பற்றியதோ யுத்தத்தைப் பற்றியதோ அன்று. மோட்டார் கார்களைப் பற்றியது.

1972 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியில் வெளியாகும் 'சன் ஹெரால்ட்' பத்திரிகை தன் முதற்பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. மணிக்கு 160 மைல் வேகத்தில் ஓடக்கூடிய 'சூப்பர் கார்கள்' விரைவில் அவுஸ்திரேலிய வீதிகளுக்கு வரவிருக்கின்றன என்பது அதன் சாரம். எழுதியவர் ஈவன் கிறீன். கார்களைப் பற்றி ஏதும் அறியாமல் எழுதியவரல்லர் அவர். 1968 இல் லண்டனிலிருந்து சிட்னி வரை நடைபெற்ற நெடுந்தூரக் காரோட்டப் போட்டியில் தாமே பங்குபற்றிய சாரதி. வேகத்தை நேசித்த ஒருவரே வேகத்தைப் பற்றி எச்சரித்தார் என்பதால் அச்செய்திக்குக் கனம் அதிகமாயிற்று.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் மில்ரன் மொறிஸ் கொதித்தெழுந்தார். ஏனைய மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. மாநில அரசுகள் கார்க் கம்பனிகளின் பெரிய வாடிக்கையாளர்கள். அவற்றைப் பகைத்துக்கொண்டு தொழில் செய்ய இயலாது. சில நாட்களுக்குள்ளேயே ஃபோர்ட், ஹோல்டன், கிறைஸ்லர் ஆகிய மூன்று கம்பனிகளும் தாம் தயாரிக்கவிருந்த அதிவேகக் கார்களைக் கைவிட்டன. ஃபோர்ட் கம்பனியின் 'ஃபல்கன் ஜிரிஎச்ஓ நான்காம் கட்டம்' என்ற கார் நான்கே நான்கு உருவான நிலையில் நின்றுபோயிற்று. ஹோல்டன் தன் சிறிய 'ரொரானா' காருக்குள் எட்டு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தவிருந்த திட்டத்தை மூடிவைத்தது. கிறைஸ்லர் தன் 'சார்ஜர்' காருக்காகப் போட்டிருந்த எட்டு சிலிண்டர்ப் பந்தயத் திட்டத்தை விட்டுவிட்டது.

அமைச்சரின் கோபம் ஆதாரமற்றதன்று. 1970 ஆம் ஆண்டில் மட்டும் அவுஸ்திரேலிய வீதிகளில் 3,798 பேர் மாண்டனர். அப்போது அந்நாட்டின் சனத்தொகை ஒன்றேகால் கோடி அளவுதான். அதே ஆண்டின் இறுதியில் விக்டோரியா மாநிலம் ஆசனப்பட்டி அணிவதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது; உலகில் முதன்முதலாக அதைச் செய்த இடம் அதுவே. இன்று சனத்தொகை இரட்டிப்புக்கு மேலான பின்னரும் வீதி மரணங்கள் 1970 இல் இருந்ததன் பாதியிலும் மிகக் குறைவு. ஆகவே அன்று அச்சப்பட்டவர்களை நான் பரிகசிக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தலைப்பு இன்னொன்றையும் செய்தது. அழிக்கப் புறப்பட்ட பொருள்களை அது அரும்பொருள்களாக்கிவிட்டது. 'மசில் கார்' என்று உலகெங்கும் அழைக்கப்படும் வலுமிக்க பழைய கார்களில், அவுஸ்திரேலியாவில் உருவானவை இன்று ஏலத்தில் பத்து இலட்சம் டொலருக்கும் மேல் விலைபோகின்றன. அது ஏன் என்பதற்கு அவற்றின் குதிரைவலு மட்டும் விடை தராது.

முதலில் அந்தக் கார்கள் பிறந்த கதையைச் சொல்லவேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பாதர்ஸ்ட் என்றொரு நகர் உண்டு. அதன் அருகிலுள்ள மவுண்ட் பனரோமா என்ற மலையைச் சுற்றி ஆறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு பாதை ஓடுகிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது பொதுவீதிதான். யாரும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் தம் காரை ஓட்டிச் செல்லலாம். ஒக்டோபரில் அது பந்தயத் திடலாகிவிடும். 1963 முதல் அங்கே நடைபெற்றுவந்த 500 மைல் பந்தயத்துக்கு ஒரு விசித்திரமான விதி இருந்தது. பந்தயத்தில் ஓடும் கார், பொதுமக்கள் கடையில் வாங்கக்கூடிய காராக இருக்கவேண்டும். குறித்த எண்ணிக்கையில் தயாரித்து விற்றுக் காட்டினால்தான் அனுமதி.

கம்பனிகள் இந்த விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தின. பந்தயத்தில் வெல்வதற்கென்றே ஒரு காரை வடிவமைத்து, விதியை நிறைவேற்றுவதற்காகச் சில நூறு கார்களைச் சாதாரண மனிதருக்கு விற்றன. ஞாயிற்றுக்கிழமை வென்றால் திங்கட்கிழமை விற்கலாம் என்பது அவர்களுடைய வியாபாரக் கணக்கு. 1967 இல் ஃபோர்ட் ஃபல்கன் ஜிரி வென்றது. 1968 இலும் 1969 இலும் ஹோல்டன் மொனாரோ வென்றது. 1970 இலும் 1971 இலும் அலன் மொஃபற் என்ற சாரதி ஃபோர்ட் ஃபல்கன் ஜிரிஎச்ஓ காரில் தனியொருவராக ஓட்டி வென்றார். 1972 இல் மழை நனைத்த பாதையில் பீற்றர் புறொக் என்ற இளைஞர் சின்னஞ்சிறிய ஹோல்டன் ரொரானாவில் பெரிய ஃபல்கன்களை முறியடித்தார். பின்னாளில் ஒன்பது முறை பாதர்ஸ்டில் வென்ற அவருக்கு அதுவே முதல் வெற்றி.

1971 இல் வெளியான ஃபல்கன் ஜிரிஎச்ஓ மூன்றாம் கட்டமே இவ்வகைக் கார்களின் உச்சம் என்று பலரும் கருதுவர். தயாரிக்கப்பட்டவை 300. இயந்திரத்தின் கொள்ளளவு 5.8 லீற்றர். கம்பனி அறிவித்தது 300 குதிரைவலு. உண்மையில் அதைவிட அதிகம் என்பது அன்றே ஊரறிந்த இரகசியம். அடிக்கடி நிறுத்தி எரிபொருள் நிரப்பாமல் பந்தயம் ஓடுவதற்காக 36 கலன் பெற்றோல் கொள்ளும் தாங்கி பொருத்தப்பட்டிருந்தது. மணிக்கு ஏறத்தாழ 228 கிலோமீற்றர் வேகம். நான்கு கதவுகள் கொண்ட கார்களில் அதுவே அக்காலத்தில் உலகிலேயே அதிவேகமானது என்று பேசப்பட்டது.

இந்த நான்கு கதவுகளில்தான் அவுஸ்திரேலிய மசில் காரின் தனித்தன்மை இருக்கிறது. அமெரிக்காவின் மசில் கார்கள் பெரும்பாலும் இரண்டு கதவுகள் கொண்டவை, இளைஞனின் கார்கள். அவுஸ்திரேலியாவிலும் மொனாரோ, சார்ஜர் போன்ற இரட்டைக் கதவுக் கார்கள் இருந்தன. ஆனால் மனங்களை ஆண்ட ஃபல்கன் ஒரு குடும்பக் கார். வாடகைக் காராக ஓடியதும் ஆசிரியர் பாடசாலைக்குப் போனதும் அதே உடலமைப்புக் கொண்ட கார்தான். அயல்வீட்டுக்காரரின் வாசலில் நிற்கும் காருக்கும் மலையில் வெற்றிக்கொடி பெற்ற காருக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பின் ஆசனத்தில் இருந்துகொண்டு அந்தக் காரில் பாடசாலைக்குப் போன சிறுவனுக்குத் தன் தகப்பனும் மொஃபற்றும் ஒரே காரை ஓட்டுவதாகத் தோன்றியிருக்கும். அந்தச் சிறுவனுக்கு இன்று அறுபது வயது கடந்துவிட்டது. ஏலத்தில் கை உயர்த்துபவர்களில் அவனும் ஒருவன்.

கிறைஸ்லரின் சார்ஜரையும் குறிப்பிடாமல் விடமுடியாது. 1972 இல் வந்த 'ஈ49' என்ற வகை, எட்டு சிலிண்டர்க் கார்களுக்கு ஆறு சிலிண்டரால் சவால் விட்டது. மூன்று வெபர் காபரேற்றர்கள், 302 குதிரைவலு. மொத்தம் 149 கார்களே தயாரிக்கப்பட்டன. பாதர்ஸ்டில் சார்ஜர் ஒருபோதும் முதலிடம் பெறவில்லை. ஆயினும் அதற்கென்று உயிரை விடுபவர்கள் இன்றும் உள்ளனர். தோற்றவனுக்கும் ரசிகர்கள் உண்டு என்பதற்கு அது ஓர் உதாரணம்.

தலைப்புச் செய்திக்குப் பின்னர் நடந்தவை எல்லாம் விரைவாக நடந்தன. பந்தய விதிகள் மாற்றப்பட்டன. 1973 முதல், பந்தயக் காரைத் தனியாக மாற்றியமைக்கலாம். அதே காரைப் பொதுமக்களுக்கு விற்கவேண்டிய கட்டாயம் தளர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் உலகை எண்ணெய் நெருக்கடி தாக்கியது. 1976 இல் புகை வெளியேற்றம் பற்றிய கடுமையான விதி வந்தது. பெரிய இயந்திரங்கள் மூச்சடைத்துப் போயின. ஏற்கெனவே விற்கப்பட்ட கார்கள் பழைய கார்களாகக் கைமாறின. இளைஞர்கள் வாங்கி மரத்தில் மோதினர். இயந்திரத்தைக் கழற்றி வேறு வண்டிக்குப் பூட்டினர். இன்று கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் பொருள் அன்று எவரும் தூக்கியெறியத் தயங்காத பழைய வண்டியாக இருந்தது. 300 என்பது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது.

விலையைப் பார்ப்போம். 1971 இல் மூன்றாம் கட்ட ஃபல்கனின் விலை ஐயாயிரத்துச் சொச்ச டொலர். 2007 இல் ஒன்று ஏலத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அந்த விலைகளும் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டனர். பின்னர் மீண்டும் ஏறி, 2018 இல் ஒரு கார் 10 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. 2021 இல் இன்னொன்று 11 இலட்சத்தைத் தாண்டியது.

2018 இல் விற்கப்பட்ட காருக்கு ஒரு காலத்தில் உரிமையாளராக இருந்தவர் யார் தெரியுமா? ஜெஃப் தொம்சன். 1975 ஜூன் 11 ஆம் திகதி லண்டன் ஓவல் மைதானத்தில், முதலாவது உலகக்கிண்ணப் போட்டியில், தம் பந்துகளால் துலிப் மெண்டிஸையும் சுனில் வெத்தமுனியையும் வைத்தியசாலைக்கு அனுப்பிய அதே தொம்சன். இலங்கையில் என் வயதை ஒத்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் ஒரு கணம் குனிந்துகொள்வார்கள். அவருடைய கையிலும் அக்காலத்தின் அதிவேகமான ஒன்றே இருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

வேகத்துக்காகவா இத்தனை விலை? இல்லை. இன்று ஒரு சாதாரண மின்சாரக் குடும்பக் கார் வீதிச் சந்தியில் அந்த ஃபல்கனைப் பின்தள்ளிவிடும். வசதிக்காகவும் இல்லை; அதன் தடுப்புகளும் ஆசனங்களும் இன்றைய மலிவான காருக்கும் ஈடாகா. கிடைப்பதற்கு அரிது என்பது ஒரு காரணம். ஆனால் உலகில் அரிதான கார்கள் எத்தனையோ உள்ளன; அவையெல்லாம் இப்படிக் கொண்டாடப்படுவதில்லை. முடிந்துபோன ஒன்றுக்கு மனிதர் கொடுக்கும் விலை இது என்றே நான் கருதுகிறேன். முதல் முடிவு 1972 இல் வந்தது. இரண்டாவது முடிவு இன்னும் பெரியது.

1948 நவம்பர் 29 ஆம் திகதி, பிரதமர் பென் சிஃப்லி மெல்பேர்னில் முதலாவது ஹோல்டன் காரை நாட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார். ஆண்டுகள் செல்ல, இறக்குமதித் தீர்வைச் சுவர்கள் படிப்படியாக இடிக்கப்பட்டன. 2010 இல் தீர்வை 5 சதவீதமாயிற்று. 2016 ஒக்டோபர் 7 ஆம் திகதி ஃபோர்ட் தன் புறோட்மெடோஸ் தொழிற்சாலையை மூடியது. 2017 ஒக்டோபர் 3 ஆம் திகதி டொயோட்டா. அதே மாதம் 20 ஆம் திகதி அடிலெய்ட் நகரின் வடக்கே எலிசபெத்தில் ஹோல்டன். முழுமையான கார்களைப் பெருந்தொகையாகத் தயாரிக்கும் தொழில் அவுஸ்திரேலியாவில் அத்துடன் முடிவுக்கு வந்தது. 2020 இல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டோர்ஸ் கைவிட்டது. அடுத்த ஆண்டு, ஹோல்டனை அடிப்படையாகக் கொண்டு நான்கே நான்காக உருவாக்கப்பட்ட ஒரு வண்டி பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அது வெளியாகி நான்கு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. பழமை அதன் விலையைக் கூட்டவில்லை. அதன் பின்னர் வேறொன்று வராது என்பதே கூட்டியது.

இதில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு.

முதலாவது, இக்கார்கள் ஓடாமல் நிற்பது. அவுஸ்திரேலியாவில் ஒருவர் தம் ஓய்வூதிய நிதியைத் தாமே நிர்வகித்து, அதிலிருந்து பழைய காரை முதலீடாக வாங்கலாம். ஆனால் 2011 முதல் உள்ள விதிகளின்படி அந்தக் காரை அவர் ஓட்டக்கூடாது. தம் வீட்டிலும் வைத்திருக்கக்கூடாது. ஓய்வுகால வருமானத்துக்கான நிதியை உரிமையாளர் இடையிலேயே அனுபவித்துவிடக் கூடாது என்ற நியாயம் அதற்கு உண்டு. விதியைக் குறைகூறமாட்டேன். ஆனால் பொதுமக்களுக்கு விற்றாகவேண்டும் என்ற விதியினால் பிறந்த ஒரு கார், அதன் உரிமையாளரே தொடமுடியாத பண்டமாக இருட்டறையில் நிற்பது எனக்கு உவப்பானதன்று. ஓட்டத்துக்காகப் படைக்கப்பட்ட ஒன்றை நிறுத்திவைத்து விலை பேசினால், எதற்காக விலை கொடுக்கிறோம் என்பதே மறந்துபோகும். விலை ஏறியதும் போலிகளும் பெருகின. சாதாரண ஃபல்கனை ஜிரிஎச்ஓ போலப் பூசி மெழுகுவது கடினமன்று. ஆகவே வாங்க வருபவர்கள் இப்போது காரின் ஓட்டத்தைப் பார்ப்பதைவிட, இயந்திர இலக்கமும் உடற்தகட்டு இலக்கமும் ஒத்துப்போகின்றனவா என்றே முதலில் பார்க்கின்றனர்.

இரண்டாவது மனக்குறை எனக்கு விளங்கியது மெல்பேர்னில். அங்கு சென்றிருந்தபோது, என் ஊரைச் சேர்ந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய கார்களின் கண்காட்சியொன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார். எண்பதுகளின் பிற்பகுதியில் அங்கே குடியேறி, நீண்டகாலம் கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலை பார்த்தவர். ஒரு ஃபல்கனைச் சுற்றிக் கூட்டம் நின்றது. எல்லோரும் திறந்திருந்த இயந்திரப் பகுதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பக்கவாட்டில் குனிந்து நின்றார்.

"தம்பி, எஞ்சினை விடும். இந்தக் கதவு இடைவெளியைப் பாரும். மேலையும் கீழையும் ஒரே அளவு. ஐம்பது வருசத்துக்கு முன்னம் பூட்டினது."

"யார் பூட்டியிருப்பார்கள்?" என்று கேட்டேன்.

"ஆர் கண்டது? இத்தாலிக்காரனோ துருக்கிக்காரனோ. எங்களுக்கு முன்னம் வந்த ஆக்கள்."

அவர் சொன்னது வரலாற்று உண்மை. மூன்றாம் கட்ட ஃபல்கன் உருவான புறோட்மெடோஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் மிகப்பெரும்பாலானோர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். 1973 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர்கள் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் மட்டும் அவர்களது முறைப்பாடன்று. உற்பத்தி வரிசை ஓடிய வேகமும் ஒன்று. ஜூன் 13 ஆம் திகதி அது கலவரமாகி, தொழிற்சாலைக் கண்ணாடிகள் நொறுங்கின. நாடு முழுவதும் காரின் வேகத்தைப் பற்றி விவாதித்து ஓராண்டு கழிந்த நிலையில், காரைச் செய்தவர்கள் தம்மை வருத்திய வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். முதலாவது வேகம் முதற்பக்கத்தில் தலைப்பாகி மூன்று கம்பனிகளைப் பணியவைத்தது. இரண்டாவது வேகத்தைக் கேட்கச் செய்வதற்குக் கண்ணாடிகள் உடையவேண்டியிருந்தது. பத்திரிகையாளன் என்ற வகையில் இது எனக்குப் பெருமை தரும் ஒப்பீடன்று.

இந்தக் கார்களை அவுஸ்திரேலியக் கார்கள் என்பதே பிழை என்று வாதிடுவோரும் உளர். மூன்று கம்பனிகளும் அமெரிக்கருடையவை. மொனாரோவின் பெரிய இயந்திரங்களும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். உண்மை. ஆனால் ஒரு பொருளை எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிப்பது பங்குப் பத்திரம் மட்டுமல்ல. அந்த மலைப்பாதைக்காக வடிவமைத்ததும், அந்த நாட்டின் தொழிற்சாலையில் பூட்டியதும், அந்த மக்கள் ஃபோர்ட் குடும்பம், ஹோல்டன் குடும்பம் என்று பிரிந்து நின்று சண்டைபிடித்ததும் வேறெங்கும் நடக்கவில்லை. 2006 இல் பீற்றர் புறொக் ஒரு போட்டியின்போது விபத்தில் இறந்தார். அப்போது ஃபோர்ட் குடும்பத்தவர்களும் துக்கம் காத்தனர்.

ஆகவே மில்லியன் டொலர் கொடுப்பவரை மூடர் என்று நான் சொல்லமாட்டேன். தம் நாடு இனிச் செய்யப்போவதில்லை என்று விட்டுவிட்ட ஒன்றின் நினைவை அவர் வாங்குகிறார். வாங்கட்டும். வாங்கியதை இடையிடையே வீதிக்குக் கொண்டுவரட்டும். அதன் ஓசையைப் பிள்ளைகள் கேட்கட்டும். பாதர்ஸ்டில் மோட்டார் பந்தய அருங்காட்சியகம் இருக்கிறது. தென் அவுஸ்திரேலியாவின் பேர்ட்வூட்டில் தேசிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓட்டிய சாரதிகளின் பெயர்கள் அழியமாட்டா. பூட்டியவர்களின் குரல்களையும் பதிந்துவைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். 1971 இல் இருபத்தைந்து வயதாயிருந்த தொழிலாளிக்கு இப்போது எண்பதை அண்டிய வயது. கார்களைப் பாதுகாக்க இன்னும் நூறு ஆண்டுகள் உள்ளன. அவருடைய நினைவைப் பாதுகாக்க அவ்வளவு காலம் இல்லை.

கண்காட்சியில் அந்தக் காரின் உரிமையாளர் என் ஊரவரைக் கவனித்துவிட்டார். வயதான வெள்ளையர். கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் ஆள் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, கதவை மெல்லத் திறந்து, ஒரே தள்ளில் மூடினார். அது ஓசை அடங்கப் பொருந்திக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தனர். விலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.